டக்கண்ணன் வழி மாற்றிய பதில்

டக்கண்ணன் ஒரு பொய்யர். எனக்கு வந்த பதிலை என் அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, "மிஷின் தப்பு தங்கச்சி" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர். முப்பது வருடத்துக்கு மேலாகப் பொறுத்துப் பார்த்துவிட்டேன். இனிப் பொறுப்பதாக இல்லை.

பேராக் மாநிலத்தில் அவரைவிடப் பிடிவாதக்காரர் பிறந்ததில்லை. நடுரோட்டில் நிற்கும் எருமை கூட ஹாரன் அடித்தால் யோசிக்கும். டக்கண்ணன் யோசிக்க மாட்டார்.

ஈப்போவில் ஒரு தோட்டக் கம்பெனியின் தலைமை ஆபீஸ். ரப்பர் பாதி, பாமாயில் எடுக்கும் செம்பனை பாதி. நான் அங்கே டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் அறை டக்கண்ணனுடையது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். அவர் உள்ளே ஏசி குளிரில் கழுத்தில் மப்ளரோடு உட்கார்ந்திருப்பார். இணையம் என்ற சொல்லே யாருக்கும் தெரியாத காலம். எங்கள் மெஷின் டெலிபோனில் கோலாலம்பூர் மெஷினைக் கூப்பிடும். அது சிங்கப்பூரைக் கூப்பிடும். அப்படியே கைமாறிக் கைமாறி ஒரு மெயில் லண்டன் வரை போகும். முகவரியில் போகிற மெஷின்களின் பெயரையெல்லாம் வரிசையாக எழுதி, நடுவில் ஒவ்வோர் ஆச்சரியக்குறி போட வேண்டும். அந்தக் குறியை அவர் "டக்" என்று வாசிப்பார். "ஈப்போ டக் கேஎல் டக் சிங்கப்பூர் டக்..." பல்லி கத்துவது போல இருக்கும். பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

அனுப்புவதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. "போறதுக்கு என்னாலா பெரிய கெட்டிக்காரத்தனம்? எவன் வேணா போவான். திரும்பி வாரான் பாரு, அவன்தான் ஆளு" என்பார். ஒவ்வொரு நாட்டு வலையிலும் முகவரி எழுதும் முறை வேறு. பதில் எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்று மெயில் புரோகிராமுக்கு விதி எழுதிக் கொடுப்பதுதான் அவர் வேலை. பிரிட்டன்காரர்கள் முகவரியைத் தலைகீழாக எழுதுவார்கள், நாடு முன்னால், கல்லூரி பின்னால். அதை அவர் தனக்குச் செய்த அவமானமாக எடுத்துக்கொண்டார். "வெள்ளக்காரன் காலைல சிலுவாரைத் தலைல மாட்டிக்கிட்டு வாரான். நான்தான் கழட்டிக் கால்ல மாட்டி விடணும்."

இந்தப் பைத்தியம் கம்ப்யூட்டரோடு நின்றால் பரவாயில்லை. யாராவது என் மூலம் அவருக்கு வணக்கம் சொல்லி அனுப்பினால், பதில் வணக்கத்தையும் என் மூலமாகத்தான் அனுப்புவார். அந்த ஆளே எதிரில் நின்றாலும் சரி. சாப்பாட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனால் போன வழியாகவே திரும்ப வேண்டும். அது ஒருவழிப் பாதை. அதனால் இறங்கி, எதிரே வரும் லாரிகளைப் பார்த்து முறைத்துக்கொண்டே தள்ளிக்கொண்டு வருவார். ஒருநாள் போலீஸ்காரர் பரிதாபப்பட்டு, "மோட்டோ ரோசாக்கா?" என்று பழுதா என விசாரித்தார். "மோட்டோ நல்லாத்தான் இருக்கு துவான். ரோடுதான் ரோசாக்" என்றார் இவர். போலீஸ்காரர் சம்மன் எழுதக்கூடத் தோன்றாமல் வழிவிட்டார்.

இப்போது பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். அந்த மெயில் புரோகிராம் வெள்ளைக்காரன் எழுதியது. பெயரில் கடைசியாக இருப்பதுதான் ஆள் என்று நம்பியது. நம் பெயரில் கடைசியாக இருப்பவர் அப்பா. வேறு கம்பெனியாக இருந்தால் "அப்படி ஆள் இல்லை" என்று மெயில் திரும்பிப் போயிருக்கும். தோட்டக் கம்பெனியில் அப்பனும் அங்கேதான் வேலை செய்வான், பிள்ளையும் அங்கேதான். ஆகவே பிள்ளைகளுக்கு வந்த பதிலெல்லாம் தாளில் அச்சாகி, தோட்டத் தபாலோடு கச்சிதமாக அப்பன்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

முதலில் மாட்டியவன் சேகர். காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டுப் பினாங்குக் கடற்கரையில் ஆட்டம் போட்டதை ஆஸ்திரேலியாவில் இருந்த கூட்டாளிக்கு எழுதியிருந்தான். "அடுத்த தடவை என்னா சீக்கு மச்சான்?" என்று வந்த பதில், கோலா கங்சார் தோட்டத்தில் கணக்குப் பார்த்த அவன் அப்பாவுக்குப் போனது. அவரே மேனேஜருக்குப் போன் போட்டு, "என் மவனுக்கு ஒரு சீக்கும் இல்ல சார், சம்பளத்த வெட்டுங்க" என்றார்.

சேகர் கம்ப்யூட்டர் அறைக்குள் புகுந்து கத்தினான். டக்கண்ணன் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். "மிஷின் தப்பே பண்ணாதுலா. ரூல் எழுதினவன்தான் தப்பு பண்ணுவான். நான் பண்ணிட்டேன், திருத்திட்டேன், போ." நிஜமாகவே திருத்தினார். அதற்குப் பிறகு யாருக்கும் வழி தவறவில்லை.

எனக்கு மட்டும் தவறியது.

என் அப்பா பாகான் டத்தோ தோட்டத்தில் பெரிய கிராணி. ஆபீஸ் கணக்கும் ஆள் பதிவும் அவர் கையில். மீசையைப் பார்த்தே தோட்டம் எழுந்து நிற்கும். கணேசன் அதே தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுக்காரர் மகன். ஸ்காட்லாந்தில் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் இருவர் விஷயமும் அப்பாவுக்குத் தெரியாது. அந்த நேரம் கோலா கங்சாரிலிருந்து யாரோ என்னைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. நான் கணேசனுக்கு எழுதினேன்: "லீவுக்கு வா. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போடுவோம். அப்பாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முடியாது என்றால் நான் கோலா கங்சார்காரனையே கட்டிக்கொள்கிறேன்." சொன்னால் செய்வேன். என் கோபம் அந்த ஆபீசில் ஊழியர்கள் எல்லாருக்கும் தெரியும், டக்கண்ணனுக்கும் தெரியும்.

பதிலுக்குக் காத்திருந்தேன். பதில் வரவில்லை. அப்பா வந்தார்.

குடையும் கையுமாக நேரே கம்ப்யூட்டர் அறைக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"யாருலா இங்க கம்ப்யூட்டரு?"

"நாந்தாங்க ஐயா."

"இந்தக் கடுதாசி என் பேருக்கு வந்திருக்கு. உள்ள எழுதியிருக்கறது என் மவளுக்கு."

"மிஷின் தப்புங்க ஐயா" என்றவர் என் பக்கம் திரும்பி, "மிஷின் தப்பு தங்கச்சி" என்றார்.

அப்பா தாளை விரித்துச் சத்தமாக வாசித்தார். கணேசன் எழுதியிருந்தான்: 'திருட்டுக் கல்யாணம் வேண்டாம். உங்க அப்பாகிட்ட நானே நின்னு கேக்கிறேன். அவர் அடிச்சா வாங்கிக்கிறேன். இல்லன்னு சொன்னா மறுபடி கேக்கிறேன். அவருக்குத் தெரியாம மட்டும் உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பா, அது எனக்கு வந்த..."

"நீ சும்மா இரு. உன் பேருக்கா வந்துச்சு?" என்றவர் டக்கண்ணன் பக்கம் திரும்பினார். "இதுக்கு நான் பதில் போடணும். எப்படி?"

டக்கண்ணன் எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்தார். எங்கள் மேனேஜருக்குக் கூட அவர் அதைக் கொடுத்ததில்லை. அப்பா ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடித் தமிழில் குத்தினார். 'கணேசா வா. நேரே வீட்டுக்கு வா. பேசலாம்.'

"ஐயா, எல்லாம் பெரிய எழுத்தா இருக்கு. கத்துற மாதிரி இருக்கும்."

"கத்தத்தான்லா செய்றேன். ஸ்காட்லாந்துல இருக்கான், கேக்க வேணாமா?"

கணேசன் வந்தான், அடி வாங்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆனால் கணக்கு இடிக்கிறது. அப்பாவுக்குக் கணேசன் எழுதிய அடுத்த பதில் சரியாக அப்பாவுக்கே வந்தது. எனக்கு எழுதியது சரியாக எனக்கே வந்தது. அதற்கு முன்னால் வந்தவையும் சரியாக வந்தவைதான். நடுவில் அந்த ஒன்று மட்டும் எப்படி அண்ணே வழி தவறும்? வருகிற மெயிலெல்லாம் முதலில் உங்கள் திரையில்தான் விழும். படித்தீர்கள். அது என் கைக்கு வந்திருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு, வீம்புக்குக் கோலா கங்சார்காரனுக்குக் கழுத்தை நீட்டியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். திருப்பிவிட்டீர்கள். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு. அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு.

ஆபீஸ் மூடியாகிவிட்டது. நீங்கள் சிம்பாங் பூலாய் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள், வீட்டைக் காட்டத்தான் ஆளில்லை. என் புருஷன் "விடு லா, பழைய கதை" என்கிறான். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. காது மந்தம். அவரும் அடிக்கடி கேட்கிறார், "அந்தக் கழுத்துல துண்டு கட்டின ஆளு வேணும்னுதானே செஞ்சான்?" என்று.

ஆகவே இந்தப் பத்திரிகையிலேயே, எல்லாரும் படிக்கும்படி எழுதுங்கள் அண்ணே. வேண்டுமென்றே செய்தீர்களா, இல்லையா? செய்தேன் என்றால் உங்களுக்கு என்னிடம் நல்ல ஏச்சு இருக்கிறது. அதை எழுத்தில் கொடுக்க முடியாது. வீட்டுக்கு வந்து, நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, என் கையால் சாப்பிட்டுக்கொண்டேதான் வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் சொல்லுங்கள்.