சோலார் ஹீட்டர் உப்பைக் கரைத்த வெற்றிச் செய்தி

அக்காவின் திறமையை என்றும் ஐயுறும் அன்புத் தம்பிக்கு,

உன் வீட்டார் நலம் விசாரிப்பதை இக்கடிதத்தின் இறுதிக்கு ஒத்திவைக்கிறேன். செய்தி அத்தனை சூடானது. நம் சோலார் ஹீட்டரில் படிந்த உப்பை நானே, எவர் துணையுமின்றிக் கரைத்துவிட்டேன்!

குளியலறைக் குழாயில் வெந்நீர் நூலாய் இழைவதைக் கண்ட உன் மாமா, "கழட்டிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்" என்று தீர்ப்பளித்தார். தொட்டியில் குறையில்லை, உள்ளே படிந்த சுண்ணாம்பே குற்றவாளி என்று எடுத்துரைத்தேன். "சரி, தோத்துட்டா இனிமே ஸ்பேனர் பெட்டியைத் தொடக் கூடாது" என்றார். தானாகவே தொழில் கற்றவளுக்கு இதைவிடக் கொடிய தண்டனை உண்டோ? ஆயினும் சம்மதித்தேன். இரு வீட்டுக்கும் பொதுவான மாடியேறினால் நம்முடையதும் பக்கத்து வீட்டுக்காரருடையதும் இரட்டைப் பிள்ளைகள்போல் நிற்கின்றன. வலப்பக்கத்தது பளபளக்க, இடப்பக்கத்தது தூசு மண்டிக் கிடக்க, உன் மாமாவின் குணமறிந்த நான் நம்முடையது எதுவென்று கணமும் தயங்கவில்லை. கண்ணாடிக் குழல்களைப் போர்வையால் மூடி ஆறவிட்டு, தண்ணீர் வரும் வால்வை அடைத்து, தொட்டியை வடித்து, எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, நெடுநேரம் ஊறவைத்து, வடிகாலைத் திறந்தேனோ இல்லையோ, அடடா, வெள்ளை வெள்ளையா, முட்டையோடு மாதிரி கொட்டுது பாரு, துணியெல்லாம் நனைஞ்சுபோய் நான் ஒத்தை ஆளா மாடியில நின்னு கைதட்டுறேன்! மொழி தடுமாறியமைக்குப் பொறுத்தருள்க. பின்னர் நல்ல நீரால் நன்கு அலசினேன்.

இனி உப்பு சேராதிருக்க, நீர் நுழையுமிடத்தில் உப்பை நீக்கும் வடிகட்டியும் அவ்வப்போது ஓர் அலசலும் போதும். "உனக்கெதுக்குக்கா இந்த வேலையெல்லாம்?" என்று சிரித்தவன் நீ, ஆகவே உடனே உன் மாமாவை அழைத்து, அக்கா வென்றாள் என்று காது குளிரச் சொல்வாயாக.

ஒத்திவைத்த விசாரிப்பு: அனைவரும் நலந்தானே? உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் வெதுவெதுப்பான ஆசிகள்.

இங்ஙனம்,
வாகை சூடிய உன் அக்கா

பின்குறிப்பு: மாமாவை அழைக்காதே. சற்றுமுன் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, "என்ன மாயமோ தெரியலைங்க, எங்க வீட்டுல வெந்நீர் அருவி மாதிரி கொட்டுது!" என்றார். நம் குழாயில் இன்னும் நூல்தான். உன் மாமா நிதானமாகச் சொன்னார்: "நம்மளது வலப்பக்கம். வாராவாரம் நான்தான் துடைக்கிறேன். இத்தனை வருஷத்துல நீ கவனிச்சதே இல்லை." பந்தயப்படி ஸ்பேனர் பெட்டி அவருடையதாயிற்று. இப்போது அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நின்று, "வா வா, எப்படின்னு எனக்கும் சொல்லிக்குடு" என்கிறார்.