பிஸ்கட் டப்பாவில் இரண்டு குமிழ்கள்

அன்று மதியம் ஷெட்டில் இருந்தவர்கள்: கிளைவ், அவனுடைய கிழட்டு நாய் மஃபின், பெஞ்சின் மேல் மல்லாந்து கிடந்த கிதார். எதிரே வீட்டுச் சமையலறையில் அவன் மனைவி நோலீன், அடுப்பில் வெந்துகொண்டிருந்த ஆட்டுக்கால், குதிரைப் பந்தயத்தைக் கத்திக்கொண்டிருந்த ரேடியோ. சாப்பாட்டுக்கு வரவேண்டிய மச்சான் டேரல் இன்னும் வந்து சேரவில்லை.

கிதார் கீச்சிடுகிறது என்பது நோலீனின் புகார். போன சனிக்கிழமை அவர்கள் ஊரான வையாலாவின் பௌல்ஸ் கிளப்பில் அவள் பாட, இவன் வாசிக்க, இரண்டாவது பாட்டுக்குள் முன்வரிசை மொத்தமும் பீர் வாங்க எழுந்து போய்விட்டது.

"எல்லாம் உன் டப்பாவாலதான்" என்றாள். "பாஸ், ட்ரெபிள் திருகற மாதிரி ஏதாவது வை. இந்தச் சனிக்கிழமையும் கீச்சுன்னுச்சுன்னா, உன்னை வீட்ல விட்டுட்டு கரோக்கி மெஷினோட போயிடுவேன்."

டப்பா என்பது கிளைவ் தானே செய்த ப்ரீஆம்ப். கிதாரின் மெலிந்த சத்தத்தை ஸ்பீக்கருக்குப் போகுமுன் தூக்கிவிடும் சர்க்யூட், ஒரு தகர பிஸ்கட் டப்பாவுக்குள். வாரம் முழுக்க உருக்காலையில் வேகிறவனுக்கு அந்தக் கிளப் மேடை ஒன்றுதான் உண்டு. அதனால் மறுபேச்சு பேசாமல் சால்டரிங் கம்பியைச் சூடேற்றினான்.

பாஸுக்கு ஒரு குமிழ், ட்ரெபிளுக்கு ஒரு குமிழ் வைத்தான். சத்தம் பாதியாகச் செத்துவிட்டது.

செத்ததை எழுப்ப இன்னொரு டிரான்சிஸ்டர் சேர்த்தான். சத்தம் வந்தது. கூடவே வாணலியில் மீன் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சலும் வந்தது.

இரைச்சல் குறையட்டும் என்று ஒயரை நீட்டி, குமிழ்களைத் தள்ளி வைத்தான். டப்பாவின் மூடி மூட மறுத்தது. மூடியைக் கழற்றி மஃபினுக்குத் தண்ணீர்த் தட்டாக வைத்தான். இப்போது டப்பா விசிலடித்தது.

ட்ரெபிளைத் திருகினான். விசில் மேலே மேலே ஏறி, காதில் விழாமலே போய்விட்டது.

"பாத்தியாடா மஃபின், சரியாயிடுச்சு!"

மஃபின் சற்று நேரம் ஊளையிட்டுவிட்டு வெளியே போனது.

கிதாருக்குள் அவன் ஒட்டியிருந்த பித்தளை வில்லைதான் அதற்கு மைக்; பக்கத்தில் இருமினாலே பிடித்துக்கொள்ளும். அதன் முகத்துக்கு நேரே குனிந்து, மனதில் இருந்ததைச் சொன்னான்: "இந்தக் குமிழை நோலீன் தொண்டையில வெச்சிருந்தா ஒரே நாள்ல வேலை முடிஞ்சிருக்கும். நான் ஒரு சுருதியில வாசிக்கிறேன், அவ பக்கத்து ஊர்ச் சுருதியில பாடறா."

சமையலறை ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. காற்று போலிருக்கிறது என்று நினைத்தான்.

கொஞ்ச நேரத்தில் டேரல் வந்தான். நோலீனின் அண்ணன். கதவருகிலேயே நின்று டப்பாவை வெறித்தான்.

"மாப்ள, அதை அணைச்சிடேன்."

"ஏன்? இப்பத்தானே சரியாச்சு."

டேரல் கிதாரின் ஓட்டைக்கு நேரே குனிந்தான். "என் தங்கச்சி குரல் தேன்!" என்று கத்தினான்.

"உனக்கு என்ன ஆச்சு மச்சான்? அன்னைக்குக் கிளப்புல முதல்ல எழுந்து ஓடினதே நீதானே!"

"எனக்கு... எனக்கு அன்னைக்கு வயிறு சரியில்ல."

"அவ உச்சத்துக்குப் போனப்ப எனக்கும்தான் சரியில்ல."

டேரல் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "சரி, விடு. அவமேல உனக்குப் பாசம் இருக்குல்ல? சொல்லு மாப்ள. கிதார் பக்கம் திரும்பி, கொஞ்சம் சத்தமா சொல்லு."

"பாசமா? முப்பது வருஷமா அந்தக் கிரேவிக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்."

டேரல் கண்ணை மூடிக்கொண்டான்.

"டேரல், சாப்பாடு ரெடி!" பின்கதவிலிருந்து நோலீனின் குரல் கேட்டது. "வரும்போது உன் வண்டியில இருக்கிற கரோக்கி மெஷினையும் எடுத்துட்டு வா!"

டேரல் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கிளைவ் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனான். கிரேவி வாசம் வாசல் வரை வந்திருந்தது.

"அவ ஏன் என்னைக் கூப்பிடல?"

டேரல் படியேறி, கதவுக்கு உள்ளே நின்று திரும்பினான்.

"உங்க தெருவுல திரும்பினதுமே, உன் டப்பா புண்ணியத்துல என் வண்டி ரேடியோவுல குதிரைக்குப் பதிலா நீதான் மாப்ள ஓடிக்கிட்டிருந்தே. அவளும் அதே ஸ்டேஷன்தான் கேட்பா."

அவனுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே பூட்டு இரண்டு முறை திரும்பியது.