நாற்பத்தொன்றாவது அட்டை

அகராதி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். எனக்கே ஒரு சொல் தண்ணி காட்டும் என்று நினைக்கவில்லை. சகிப்பின்மை. பொருள் எழுதுவதில் சிரமம் இல்லை: 'தன்னிலிருந்து வேறுபட்டவரை, ஆளை அறியாமலே தப்பாக எண்ணி ஒதுக்கும் குணம்.' எழுதி முடித்ததும் என் முதுகை நானே தட்டிக்கொள்ளப் பார்த்தேன். கை எட்டவில்லை.

சிக்கல் உதாரண வாக்கியத்தில் வந்தது. எங்கள் அலுவலகத்தில் இட்டுக்கட்டிய வாக்கியம் செல்லாது. யாரோ நிஜமாகப் பேசியதை, சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார் என்று அட்டையில் குறித்துக் கொடுக்க வேண்டும். என்னிடம் நாற்பது அட்டை இருந்தது. நாற்பதிலும் சகிப்பின்மை அடுத்தவரிடம்தான் இருந்தது. 'அவனுக்கு', 'அவளுக்கு', 'அந்தக் கும்பலுக்கு'. 'எனக்கு' என்று ஒரு ஆள் சொல்லவில்லை. இவ்வளவு இருக்கிற ஒன்றுக்குச் சொந்தக்காரர் ஒருத்தர்கூட இல்லையா என்று எனக்கே ஆச்சரியம்.

அகராதியின் ஆசிரியர் அட்டைகளைத் திருப்பித் தள்ளினார். "அந்தக் குணம் இருக்கிறவன் வாயைத் திறந்தா என்ன சொல்வான்? அதைக் கொண்டு வாங்க. நாளைக்கு 'ச' பகுதி அச்சுக்குப் போகுது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் தர்றேன்."

"நீயா? நீ எப்போ அகராதி படிச்சே?"

"படிக்கல. உங்களோட குடும்பம் நடத்தறேன். ஆனா ஒரு நிபந்தனை."

"என்ன?"

"உங்க ஆசிரியர் ஒத்துக்கிட்டா, மாடி அறைக்கு யார் குடிவரணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

மாடி அறை காலியாக இருந்தது. முந்தின நாள், வியாழக்கிழமை, ஒரு பெண் தன் மகளோடு வந்து கேட்டிருந்தாள்.

"எங்கேம்மா வேலை?"

"ஆஸ்பத்திரியில சார்."

"நர்ஸா?"

"இல்ல சார். பிணவறையில."

நான் பக்குவமாகத்தான் பதில் சொன்னேன். அவளும் கோபப்படவில்லை. "நீங்க ஒன்பதாவது வீடு சார். திங்கட்கிழமை இவளுக்குப் பள்ளிக்கூடம் திறக்குது. அதுக்குள்ள தங்க ஒரு இடம் வேணும்" என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அன்று முழுக்க மனைவி என்னிடம் பேசவில்லை. காதுக்கு ஓய்வு என்று சந்தோஷப்பட்டேன்.

எங்கள் ஆசிரியர் நான் எழுதினதையே லேசில் ஒத்துக்கொள்ளாதவர். இவள் எழுதினதையா ஒத்துக்கொள்வார்? தைரியமாகச் சத்தியம் செய்தேன். அவள் ஒரு அட்டையில் எழுதி, உறையில் போட்டு ஒட்டினாள். "நீங்க பிரிக்கக் கூடாது" என்றாள். பிரிக்கவில்லை. நேர்மை என்று சொல்லத்தான் ஆசை; உண்மையில் பயம்.

மறுநாள் ஆசிரியர் பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருய்யா இந்த மகானுபாவன்?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். "'நான் வித்தியாசம் பார்க்கிற ஆள் இல்லம்மா. ஆனா எங்க வீட்ல தண்ணிக் குழாய் ஒண்ணுதானே இருக்கு.'"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில்தான் அது என் வாக்கியம் என்று உறைத்தது.

"பார்க்கிற ஆள் இல்லன்னு ஆரம்பிக்கிறான் பாருங்க, அங்கேதான் குணம் உட்கார்ந்திருக்கு! இதையே போடுங்க. பாவம், அந்தம்மா என்ன பண்ணாங்களோ?"

"குழாயை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிட்டாங்க சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" அட்டையின் கீழே பார்த்தார். "சொன்னவர், வீட்டுக்காரர்னு போட்டிருக்கே. யார் அவர்?"

"தெரிஞ்சவர்தான் சார்."

வெட்கமாக இருந்தது. வழி முழுக்க வெட்கமாக இருந்தது. நான் எழுதிய பொருளில் ஒரு எழுத்துகூடப் பிசகு இல்லை; அதை என் வீட்டு வாசல் வரைக்கும் நான் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் பெட்டிகள். குழாயடியில் அந்தச் சிறுமி வாளியோடு நின்றாள். என்னைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இதுல பிடிக்கலாமா சார்?"

வாளியை வாங்கி, நிரப்பி, மாடிவரைக்கும் தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டு மூச்சு வாங்க இறங்கினேன். கீழே மனைவி நின்றாள்.

"ஆசிரியர் ஒத்துக்கிட்டாரான்னு கேக்காமலே குடி வச்சுட்டியா?"

"நேத்தே வரச் சொல்லிட்டேன். உங்க வாய் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

தோற்றதைக் காட்டிக்கொள்ளலாமா? நெஞ்சை நிமிர்த்தினேன். "நானே வழியெல்லாம் யோசிச்சு மனசை மாத்திக்கிட்டுதான் வந்தேன். எத்தனை ஆம்பளைக்கு இந்தப் பெரிய மனசு வரும், சொல்லு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க அகராதியில 'த' எழுத்து எப்போ வருது? தற்பெருமைக்கு ஒரு பெட்டி நிறைய அட்டை வச்சிருக்கேன்."