கிராணியார் கமலநாதன் பலாப்பழ ஐஸ்கிரீம் கடைந்த படலம்

வாழ்க கமலநாதன்! சாலாக் செலாத்தான் அடுக்குமாடியில் நான்காம் தளம் ஆளும் கோமான், பதினேழு லோரிகளின் போக்குவரத்தை ஒற்றைப் பேனாவால் நடத்தும் கிராணி எனும் எழுத்தர் குலத் திலகம், லிப்ட் பழுதான நாள்களிலும் மூச்சிரைக்காமல் படியேறும் இரும்பு முழங்காலன் (மூன்றாம் தளம் வரைக்கும்தான்; அதற்கு மேல் இரைக்கும்; காவியமானாலும் பொய் சொல்லக் கூடாது), தொந்தி சரிந்தும் கைலி சரியாத உறுதியன், வாழ்க, வாழ்க! கருவியின்றி, எந்திரமின்றி, முன்னனுபவம் என்பது மருந்துக்குமின்றி, ஒரே மாலைப்பொழுதில் அவன் பலாப்பழ ஐஸ்கிரீம் கடைந்த பெருங்கதையைச் சொல்லப் புகுகிறோம். கேட்க அமர்ந்தோர் கைபேசியைக் கவிழ்த்து வைக்கக் கடவர்.

முதற்கண் காப்பு. உருகும் இயல்பினளே, பனிக்கட்டித் தாயே, இக்கதை முடியுமட்டும் உருகாதிரு. மூடி இறுகும் மைலோ டின்னே, தகரக் கவசம் பூண்டவனே, உன் வயிற்றில் இடுவதை உன் வயிற்றிலேயே வைத்திரு. நங்கா என்று பாசாரில் கூவி விற்கப்படும் பலாவே, பொற்சுளைப் பெருமாட்டியே, மணம் மட்டும் கொடு, பால் பிசினைக் கையில் ஒட்டாதே. மூவரும் துணை நிற்க, போரின் காரணம் உரைப்போம்.

கமலநாதனின் இல்லக்கிழத்தி லோகேஸ்வரி. பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடையொன்றில் மூத்த விற்பனையாளர். தீபாவளி நெருங்கும் நாள்களில் பொழுது விடிந்து பொழுது சாய்வதற்குள் இருநூறு புடவை விரித்து இருநூறு புடவை மடிக்கும் இரு கரங்களுக்கு உரியவள். அவள் பிறந்த நாள் ஆண்டுதோறும் புரட்டாசியில்தான் வரும். புரட்டாசி என்றால் விரதம். விரதம் என்றால் முட்டை ஆகாது. முட்டை ஆகாதென்றால் கேக் ஆகாது. முட்டையில்லாத கேக்கை ஒரு முறை தின்று பார்த்துவிட்டு, பாத்திரம் தேய்க்கலாம், தின்ன முடியாது என்று தீர்ப்புச் சொன்னவள் அவள். ஆக, நாற்பத்தைந்து ஆண்டுகளாக அவளுடைய பிறந்த நாள் கேக்கில்லாமலே கழிந்து வந்தது.

அதுகூடப் பரவாயில்லை. போன ஆண்டு கணவன் அந்த நாளையே மறந்து தொலைத்தான். சாதாரணமாக மறந்தானா? இரவுச் சாப்பாட்டின்போது, "ஏன் ஒரு மாதிரியா இருக்க?" என்று அவளையே கேட்கும் அளவுக்குப் பரிபூரணமாக மறந்தான். அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அடுத்த ஒன்பது நாள் அவள் வாயிலிருந்து வந்தது ஒரே வாக்கியம்: "சாப்பாடு மேஜையில இருக்கு." நெடுஞ்சாலை வெள்ளத்தில் ஆறு லோரி சிக்கிய நாளிலும் கலங்காத நம் நாயகன், அந்த ஒன்பது நாளில் மூன்று கிலோ இளைத்தான்.

ஆதலால் இவ்வாண்டு, புரட்டாசிச் சனிக்கிழமைக் காலையில், கொமுட்டர் ரயிலைப் பிடிக்க அவள் செருப்பு மாட்டிய கணத்தில், வலக்கையில் பல்துலக்கியை உயர்த்தி, வாயோரம் நுரை ததும்ப, அண்டை வீடுகள் அதிர அவன் சபதம் செய்தான்:

"லோகா! ஹேப்பி பர்த்டே! இன்னிக்கு ராத்திரி என் கையாலேயே உனக்கு நங்கா ஐஸ்கிரீம். கடையில வாங்கினா என் பேரு கமலநாதன் இல்ல!"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"பார்ப்போம் லா," என்றாள். போய்விட்டாள்.

அந்த 'பார்ப்போம்' இருக்கிறதே, அதைவிடக் கூரிய ஆயுதத்தை எந்தக் கொல்லன் உலைக்களமும் கண்டதில்லை. இன்று தோற்றால் ஒன்பது நாள் தொண்ணூறு நாளாகும் என்பதை நாயகன் உணர்ந்தான்.

பகைவரில் முதல்வன் வீட்டுக்குள்ளேயே நின்றிருந்தான். அவன் பெயர் ஃப்ரீசர். இரண்டு கிலோ ஆட்டிறைச்சியும் முழு நீளத் தெங்கிரி மீன் ஒன்றும், விரதம் முடியும் நாளை எதிர்நோக்கி அவனுள்ளே உறைநிலைத் தவம் புரிந்துகொண்டிருந்தன. மாதம் பிறந்தவுடனேயே லோகேஸ்வரி அந்தக் கதவின் குறுக்கே டேப் ஒட்டிச் சட்டம் இயற்றியிருந்தாள்: அதற்குள் வைத்த எதுவும் புரட்டாசி போகும்வரை அவள் வாயில் படாது. உறைய வைக்கும் ஒரே கோட்டை, ஆனால் மாற்றான் வசம். நாயகன் அந்த டேப்பைப் பார்த்துப் பெருமூச்செறிந்து திரும்பினான்.

அப்போதுதான் கைபேசித் திரையில் ஓர் அம்மையார் தோன்றி, எந்திரமும் வேண்டாம், ஃப்ரீசரும் வேண்டாம் என்று அருள்வாக்குச் சொன்னார். வாளி நிறைய ஐஸ், அதன் நடுவே பழக்கூழ் அடைத்த டின், டின்னை இடமும் வலமும் விடாமல் திருப்ப வேண்டியது, அவ்வளவுதான். "ஐஸ் மேல கல் உப்பு ஒரு கிலோ, மறக்காம," என்றும் அவர் சொன்னார். அந்த நொடியில் பார்த்து ஒரு லோரிக்காரர் கிள்ளானிலிருந்து போன் செய்து, டயர் வெடித்துவிட்டது என்றார். நாயகன் டயரைக் கவனித்தான். உப்பைக் கோட்டை விட்டான்.

மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்தவன், பாசாரில் பலாச்சுளை வாங்கினான்; கீழ்த்தளத்தில் மளிகைக் கடை நடத்தும் தம்புசாமியிடம் ஐந்து பை ஐஸும் தேங்காய்ப்பாலும் டின் பாலும் வாங்கினான்; நான்கு மாடியும் சுமந்தேறினான். சுளையை மிக்சியில் அரைத்தான். பால்கள் இரண்டையும் சேர்த்தான். மைலோ டின்னில் ஊற்றி மூடினான். வாளியில் ஐஸைக் கொட்டி, உப்பு என்று ஏதோ சொன்னார்களே என்று சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து, அதில் கிடந்த கடைசிக் கைப்பிடியைத் தூவினான். தேவர்களுக்குப் பாற்கடல் கடைய மலையும் பாம்பும் கிடைத்தன. இவனுக்கு ஒரு டின்னும் இரண்டு மணிக்கட்டும். கைலியை மடித்துக் கட்டினான். உட்கார்ந்தான். திருப்பினான்.

இடம் திருப்பினான், வலம் திருப்பினான். விரல்கள் சிவந்தன, பின் வெளுத்தன, பின் அவை தன்னுடையவைதானா என்ற ஐயம் எழுந்தது. தோள் கெஞ்சிற்று, இடுப்பு ஏசிற்று, ஐஸ்கட்டிகள் கலகலவென்று அவனைப் பார்த்துச் சிரித்தன. ஆயினும் நிறுத்தினானில்லை, முக்கால் மணி நேரம் திருப்பினான், பல்லைக் கடித்துத் திருப்பினான், மனைவியின் அந்த ஒற்றைச் சொல்லை நினைத்து நினைத்துத் திருப்பினான். ஏழு மணி நெருங்கையில் வெற்றி முழக்கத்தோடு மூடியைத் திறந்தான். உள்ளே பாயசம் இருந்தது. சில்லென்ற, அருமையான, ஓடுகிற பாயசம்.

அம்மையாரை மறுபடி திரையில் வரவழைத்துக் கேட்டான். ஒரு கிலோ! கல் உப்பு! ஐஸ் தனியே நின்றால் வெறும் குளிர், உப்போடு கூடினால்தான் பாலை உறைய வைக்கும் கொடுங்குளிர் என்ற போர் ரகசியம் அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று. வாளியில் பாதி ஐஸ் இன்னும் இருந்தது. லோகேஸ்வரி எட்டு மணிக்கு வந்துவிடுவாள். ஓடினான். எழுபத்திரண்டு படி இறங்கி ஓடினான்.

ஐயோ, காலமே! மேற்கே வானம் சிவந்து அணைந்தது. பள்ளிவாசலில் அந்திப் பாங்கு ஒலித்தது. தம்புசாமி கடையின் சாமிப் படத்தின் முன் அப்போதுதான் விளக்கேற்றி, ஊதுபத்தியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கல் உப்பு ஒரு பேக்கெட்டு!"

தம்புசாமியின் கை அந்தரத்தில் நின்றது. "விளக்கு வெச்சாச்சு கமலா. இந்த நேரத்துல அதைக் கொடுக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா? சீதேவி போயிடுவா. நாளைக்குக் காலையில வா லா, பத்துப் பேக்கெட்டு எடுத்துக்க."

நாயகனுக்குத் தெரியாதா? பிறந்தது முதல் தெரியும். விளக்கு வைத்தபின் வீட்டு உப்பு வெளியே போகக் கூடாது, பேரைச் சொல்லிக் கேட்கவும் கூடாது. போன மாதம் பக்கத்து வீட்டு வள்ளியம்மா ரசத்துக்கு இரண்டு கரண்டி கேட்டு வந்தபோது, "விளக்கு வெச்சாச்சு அக்கா" என்று இதே வாயால் அனுப்பி வைத்தவனல்லவா இவன்! தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் மினி மார்க்கெட்டுக்குப் போய்வர அரை மணி. அதற்குள் வாளியில் வெறும் தண்ணீர்தான் நிற்கும். போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், மூச்சிரைக்க மறுபடி எழுபத்திரண்டு படி ஏறி, மானத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வள்ளியம்மாவின் கதவைத் தட்டினான்.

பள்ளி வேன் ஓட்டும் வள்ளியம்மா, நாற்பது பிள்ளைகளை ஒற்றை அதட்டலில் உட்கார வைக்கும் குரலுடையாள், நெற்றியில் புதுத் திருநீறு துலங்கக் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் பூஜை விளக்கு எரிந்தது. அதற்கும் பின்னால் அவள் கணவர் கன்னையா டிவியில் பேட்மிண்டன் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாயகன் எல்லாவற்றையும் கொட்டினான். போன வருடத்து மறதி, ஒன்பது நாள், சபதம், பாயசம், எதையும் மறைக்கவில்லை. கடைசியில், "அவ ஒரு தடவ சந்தோஷமா பார்த்தா போதும் அக்கா," என்றான். அது காவியத்துக்காகச் சொன்னதன்று. மெய்யாகவே சொன்னான்.

வள்ளியம்மா இடுப்பில் கைவைத்து யோசித்தாள். போன மாதத்து ரசத்தை அவள் மறந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பின் ஆணை பிறந்தது:

"கொடுக்க முடியாது. அது என் வாசப்படி தாண்டக் கூடாது, அவ்வளவுதானே? உன் வாளி தாண்டலாம் லா. தூக்கிட்டு உள்ள வா தம்பி!"

ஆகா! எந்த நாட்டு அமைச்சனுக்கு வரும் இந்த மதிநுட்பம்! வாளி வந்தது, டின் வந்தது, நாயகன் வந்தான். பள்ளி விடுமுறைக்கு ஊறுகாய் போட வைத்திருந்த இரண்டு கிலோ கல்லுப்பு, வெண்படிகப் பெரும்படை, ஐஸின் மேல் ஆரவாரித்து இறங்கியது. வாளியின் புறமெல்லாம் வெண்பனி பூத்தது. நாயகன் திருப்ப, அவன் கை ஓய்ந்தபோது வள்ளியம்மா ஸ்டியரிங் பழகிய கைகளால் திருப்ப, அவளும் ஓய்ந்தபோது, கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலேயே கன்னையா ஒற்றைக் கையால் திருப்ப, மூவரும் கெக்கலித்துச் சிரிக்க, தரையெல்லாம் தண்ணீராகி ஒருவர் காலை ஒருவர் இடறிவிட, அந்தக் கூடம் திருவிழாக் கூடமாயிற்று. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டின்னைத் திறந்து ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டி நடுவில் தள்ளினார்கள். மூன்றாம் முறை திறந்து வைத்து நாயகனும் வள்ளியம்மாவும் கரண்டி தேடச் சென்றிருந்தபோது, மலேசிய வீரர் கடைசிப் புள்ளிக்குப் பாய்ந்து அடித்தார். கன்னையாவும் கூடவே பாய்ந்தார். முழங்கால் வாளியில் இடித்தது. உப்பு நீர் ஓர் அலையாக எழுந்து டின்னுக்குள் இறங்கியது. கன்னையா இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். விரலால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு டிவிக்குத் திரும்பினார்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அது உறைந்தது! கரண்டியை நட்டால் கரண்டி நின்றது! ஆனால் வாசலில் இன்னொரு சோதனை காத்திருந்தது. உப்பு நீரைத் தன் குளியலறையிலேயே கொட்ட வைத்த வள்ளியம்மா, வாளியை மும்முறை கழுவி, டின்னை மும்முறை துடைத்து, நாயகனின் கைகால்களை அலம்பச் சொல்லி, கைலியை உதறச் சொல்லி, ஒரு துகள்கூடத் தன் வீட்டிலிருந்து தாண்டவில்லை என்று உறுதி செய்த பிறகே வழி விட்டாள். கன்னையா தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றே கூட்டினார்.

லோகேஸ்வரி வந்தாள். நாள் முழுக்க நின்றதில் கால்கள் வீங்கியிருந்தன. நாற்காலியில் சாய்ந்தவளின் முன், இரண்டு கிண்ணங்களில், பொன்னிறக் குன்றுகளாக அது எழுந்தருளியது. அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். கணவனின் வெளுத்துச் சுருங்கிய விரல்களைப் பார்த்தாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். நான்காம் தளம் மூச்சடக்கியது. தண்டவாளத்தில் ரயில்கூடச் சத்தமின்றிப் போயிற்று.

"உப்புக் கரிக்குது," என்றாள்.

இடி விழுந்தது! கொடி சாய்ந்தது! நாயகன் விரலால் தொட்டு நக்கினான், கரித்தது. எப்படி, எங்கிருந்து என்று அவனுக்கு விளங்கவில்லை. வள்ளியம்மாவின் வாசற்படியைத் தாண்டிவிட்டது என்பது மட்டும் விளங்கியது. பக்கத்துச் சுவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான். பிறகு, சபதங்களும் முழக்கங்களும் கைவிட்ட நிலையில், அந்தப் பெருவீரன் சின்னக் குரலில் சொன்னான்:

"இந்தத் தடவ மறக்கல லோகா. காலையிலேருந்து இதே நினைப்புத்தான்."

அவள் நிமிர்ந்தாள். முதலில் கண் சிரித்தது, பின் வாய், பின் வீங்கிய கால்வரை மொத்த லோகேஸ்வரியும் குலுங்கிச் சிரித்தாள். "பெங்காட்டுத் தேங்காய்ப்பால் பாயசத்துலயும் ஒரு சிட்டிகை உப்பு போடுவாங்க தானே," என்று சொல்லி அடுத்த கரண்டியை எடுத்தாள். ஊதுக சங்கம்! முழங்குக முரசம்! ஒன்பது நாள் மௌனப் பெரும்படை புறமுதுகிட்டு ஓட, பனிவெற்பு வென்ற பலாக்கோ, மைலோத் தகர வேந்தன், கிராணி குலக் கமலநாதன் வாகை சூடினான், சூடினான், சூடினான்!

அவனுக்கு வைத்திருந்த கிண்ணத்தையும் லோகேஸ்வரியே சாப்பிட்டாள்.