மூலையில் மாட்டாத வீரன்

சண்டை விளையாட்டு உருவாக்குகிறவர்கள் எல்லோரும் அதற்கு முன் யாரிடமாவது கேவலமாகத் தோற்றிருப்பார்கள். நான் தோற்றது என் தங்கை வசந்தியிடம்.

எங்கள் வீட்டு டிவி கேமில் அவளுக்குத் தெரிந்தது ஒரே வித்தை. என் ஆளை மூலைக்குத் தள்ளிக் காலிலேயே உதைப்பாள். எழுந்தால் உதை, எழாவிட்டாலும் உதை. "வேற அடியே தெரியாதாடி?" என்று கேட்டால், "இதுவே போதுமே அக்கா" என்பாள். (போதும்தான். அதுதான் எரிச்சல்.)

அப்போது மாத்தளை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்கு டீச்சர் தேடினார்கள். சொந்தமாகச் செய்த புரோகிராம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகும் அம்மாமாரின் குழந்தைகளைப் பார்க்கும் வேலைதான் என்று அப்பா பேசி வைத்திருந்தார். பயத்தில் ஒரு சண்டை விளையாட்டையே செய்துவிட்டேன். அதில் கையைக் குறுக்கே வைத்தால் எந்த உதையும் படாது. மூலைக்குப் போனவன் தானாகவே எதிரியின் தலைக்கு மேலே பாய்ந்து அந்தப் பக்கம் இறங்குவான். இரண்டுமே வசந்திக்கு எதிராக நான் போட்ட சட்டங்கள்.

பெண்பிள்ளை இன்டர்வியூவுக்குத் தனியாகப் போகக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். எங்கள் ஊர் பலாபத்வலயில் பஸ் ஏறும்போது வசந்தியும் துணைக்கு ஏறினாள்.

வகுப்பு நடத்தும் சேரும் நானும் ஆடினோம். இருவரும் கையைக் குறுக்கே வைத்தோம். அப்படியே நின்றோம். பிளேன்டீ வந்தது, ஆறியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நாட்டிலும் அப்போது யுத்த நிறுத்தக் காலம் வேறு. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது சண்டையாம்மா, பேச்சுவார்த்தையா?"

"பாதுகாப்பான விளையாட்டு சேர்" என்றேன்.

சேர் எழுந்து வசந்திக்கு இடம் கொடுத்தார். "நீங்க ஆடிப் பாருங்க."

அவள் உதைத்தாள். என் ஆளுக்குப் படவில்லை, ஆனால் கொஞ்சம் பின்வாங்கினான். மறுபடி உதைத்தாள். மூலை வந்ததும் என் சட்டப்படியே துள்ளிப் பாய்ந்தான். பாய்கிறவனால் கையைக் குறுக்கே வைக்க முடியாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. வசந்தி திரும்பி நின்று, அவன் தரையைத் தொடுவதற்குள் காலில் உதைத்தாள். பிறகு அந்த மூலை. பிறகு இந்த மூலை. என் ஆள் செத்தான்.

"எப்பிடிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார் சேர்.

"அக்கா சட்டம் போட்டா எங்கயாச்சும் ஓட்டை விட்டுருவாங்க சேர். வீட்டுலயும் அப்பிடித்தான்."

வேலை வசந்திக்குக் கிடைத்தது. நான் பிள்ளை மடுவத்துக்குப் போனேன். அங்கே என் சட்டங்களில் ஓட்டை கண்டுபிடிக்கிற வயதில் யாரும் இல்லை.

இப்போது எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். படிக்காமல் டிவி கிடையாது என்று சட்டம் போட்டால் அவள் அழுவதில்லை, முறைப்பதும் இல்லை. போனை எடுக்கிறாள்.

"இருங்கம்மா, சின்னம்மாகிட்ட கேட்டுட்டு வர்றேன்."