கோளாம்பி அண்ணனின் கெட்டிமேளம்

மட்டாஞ்சேரியில் சங்கீதத்தைக் கோளாம்பி அண்ணன் அளவுக்கு நேசித்தவரும் கிடையாது, அவரளவுக்கு அதைப் புரிந்துகொள்ளாதவரும் கிடையாது. கோளாம்பி என்றால் எங்கள் ஊரில் குழாய் ஒலிபெருக்கி. அதை வாடகைக்கு விடுவது அவர் தொழில். பேசுவதற்கு அது அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. இந்தக் கரையில் அவர் ரகசியம் சொன்னால் எதிரே வைப்பின் தீவுக் கரையில் அபிப்பிராயம் சொல்வார்கள்.

அவர் ஓர் ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறார். டிரம்பெட், வைப்பின் அந்தோணி. மாதா கோயில் ஊர்வலங்களில் வளர்ந்த மூச்சு. தாலாட்டு வாசித்தால் குழந்தை எழுந்து வரிசையில் நடக்கும். டோலக், குஜராத்தி ஜயேஷ் பாய். சோகப் பாட்டின் நடுவில் ஜனங்கள் கோலாட்டக் குச்சி தேடுவார்கள். ஹார்மோனியம், கொங்கணி பை மாமா. பஜனைப் பழக்கத்தில் எந்தப் பாட்டையும் கடைசியில் ஓட்டமாக ஓட்டிவிடுவார். பாடுகிறவர் பின்னால் வந்து சேர வேண்டியதுதான். தஃப் என்ற வட்டப் பறை அடிப்பவர் ஹம்சிக்கா. வட்டமாக உட்கார இடமில்லாவிட்டால் அவருக்குத் தாளம் வராது. ஜால்ரா, நான். ஆபீசிலும் அதே வேலை என்பதால் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை.

ஒருநாள் ஒத்திகையில் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அண்ணே, அஞ்சு பேரும் அஞ்சு ஊருக்குல்ல போறோம்?"

"போகட்டும்டா. அவனவன் வீட்டு மணம் பாட்டுல வரணும். எல்லாம் ஒரே மணம்னா அது பாட்டா? ஆஸ்பத்திரி!"

இந்தத் தத்துவத்துக்குச் சோதனை அவர் மகள் ஜெயாவின் கல்யாணத்தில் வந்தது. மாப்பிள்ளை பாலக்காட்டுத் தமிழ்ப் பையன். தங்கம். பையனின் மாமாதான் தகரம். சகுனம் பார்க்காமல் சாயாகூடக் குடிக்க மாட்டார். நிச்சயத்தன்றே எங்கள் வாசிப்பைக் கேட்டுத் தொலைத்திருந்தார்.

"இவங்க கல்யாணத்துல கை வைக்கக் கூடாது. நாயனமும் தவிலும் நாங்க கொண்டு வர்றோம். கெட்டிமேளம் இல்லாம தாலி ஏறினா, பையனை அப்படியே எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அண்ணன் தலையாட்டினார். எங்களை விருந்தாளிகளாக மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார். அந்தோணி மடியில் டிரம்பெட் இருந்தது. முறைத்தேன்.

"கல்யாணமல்லே! வெறுங்கையோட எங்ஙனெ வரும்?" என்றார்.

திரும்பிப் பார்த்தால் நால்வருமே வெறுங்கையோடு வரவில்லை. என் சட்டைப் பையில் இருந்ததைப் பற்றி நான் பேசவில்லை.

முகூர்த்தம் நெருங்கியது. நாயனக்காரர் போன் செய்தார். "தோப்பும்படிப் பாலத்துல பிளாக். வண்டி நகரல."

"காத்திருக்க நேரமில்லை" என்றார் புரோகிதர்.

"மேளம் இல்லாம முடியாது" என்ற மாமா, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஜெயா தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். கோளாம்பி அண்ணன் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

"டேய்! கல்யாணம் நடக்கறப்ப அவனவன் வீட்டுல எது வாசிப்பீங்களோ, அத வாசிங்கடா!"

விரலை உயர்த்தி ஆட்டினார்.

அந்தோணி மாதா கோயிலிலிருந்து மணமக்களை வெளியே நடத்தினார். ஜயேஷ் பாய் மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றினார். ஹம்சிக்கா பக்கத்து நாற்காலிகளை எட்டி உதைத்து வட்டம் உண்டாக்கினார். பை மாமா தொடக்கத்தையே விட்டுவிட்டு நேராகக் கடைசி ஓட்டத்தில் இறங்கினார். நான் யாருக்கும் மனக்குறை வராமல் ஆளுக்கு ஒரு தட்டாகப் பகிர்ந்து கொடுத்தேன். கூரை ஓட்டில் இருந்த புறாக்கள் சாப்பாட்டுக்குக் காத்திராமல் கிளம்பின. அதற்குள் தாலி ஏறிவிட்டது.

சத்தம் நின்றது. மாப்பிள்ளையின் மாமாவுக்குக் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. மண்டபத்துக்குப் பின்னால் மிளகு கோடவுன்.

"நான் தும்மினேன்" என்றார், மெதுவாக. "சரியா தாலி கட்டறப்ப. மூணு தடவை. யாருக்காவது கேட்டுதா?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவியே உதட்டைப் பிதுக்கினார். "நீங்க தும்மினீங்களா?"

மாமா மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். துண்டை மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அப்ப இது கெட்டிமேளம்தான்" என்று உட்கார்ந்தார்.

இப்போது என் மகளுக்கு வரன் அமைந்திருக்கிறது. நாள் குறிக்க ஜோசியரிடம் போக வேண்டும். அதற்கு முன்னால் கோளாம்பி அண்ணன் வீட்டுக்குப் போய், அவருக்கு எந்த நாள் சௌகரியம் என்று கேட்டுவிட்டு வந்தேன்.