பாதித் தட்டில் கண்ணை மூடுகிறவள்

அன்புள்ள மகெரிட்டா அக்காவுக்கு,

தங்கை லோசா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் என் வீட்டுக்காரர் தவீத்தாவும் மகள் யானெத்தாவும் பன்றிகளும் சுகம். ஆக்லாந்தில் நீயும் அத்தானும் உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிப்பாய். நம் ஊர் வீட்டுக்குச் சுவர் எங்கே இருக்கிறது, தூணும் கூரையும்தானே? போனில் ஒரு வார்த்தை பேசினால் யானெத்தா காதில் விழும், பிறகு ஊர் காதில் விழும். அதனால்தான் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, ஜெபத்துக்கும் முன்னால், பன்றிகளுக்கு மிச்சம் கொட்டும் இடத்துக்குப் போய் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். தேங்காய்த் துருவல் இருந்தது, ஈரப்பலாத் தோல் இருந்தது. நேற்று யானெத்தா தட்டில் மிச்சம் வைத்த கோழித்தொடையின் எலும்புகூட இல்லை. பன்றி தின்றிருக்கலாம். அல்லது அது வேறு யார் கைக்கோ போயிருக்கலாம். பெரிய பன்றி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

விஷயம் இதுதான் அக்கா. உன் தங்கை மகள் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்துகிறாள். யானெத்தா! போன தடவை நீ வந்திருந்தபோது நமக்குப் பரிமாறி, ஈ விசிறி, நாமெல்லாம் எழுந்த பிறகு உட்கார்ந்து, சட்டியில் இருந்த அத்தனையையும் துடைத்துவிட்டுப் பாயில் மல்லாந்து கிடந்தாளே, "நம்ம ரத்தம்டி இது"ன்னு நீ தொடையைத் தட்டிச் சிரிச்சியே, அதே யானெத்தா. பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் திடீரென்று என்ன வந்தது? எனக்கு மனசு சரியில்லை. ஆகவே கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவளை உன்னிடம் அனுப்பிவிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன். அங்கேயே படிக்கட்டும். இன்னும் அவளிடம் பேச்செடுக்கவில்லை. நீ முதலில் காரணத்தைக் கேள்.

குழந்தைகள் ஞாயிறு அன்று ஆரம்பித்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பெரியவர்கள் நின்று பரிமாற, பிள்ளைகள் முதலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். புது வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தேன், கோவிலில் வசனத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்தாள், வீட்டில் போதகரும் போதகரம்மாவும் விருந்துக்கு வந்திருந்தார்கள். சுடுகல் அடுப்பிலிருந்து எடுத்த பன்றிக்கறி, சேம்பங்கிழங்கு, தேங்காய்ப்பால் வைத்துக் கட்டிய சேம்பிலைப் பொட்டலம், நூடுல்ஸ், டின் மாட்டிறைச்சி எல்லாம் வைத்து, தட்டு கோபுரம் மாதிரி ஆனதும் அதன் தலையில் ஒரு கோழித்துண்டையும் வைத்து நானே அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். பாதி சாப்பிட்டாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள். வயிற்றில் கையை வைத்தாள். கண்ணை மூடினாள்! நான் விசிறியை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுக் கண்ணைத் திறந்து, "போதும்மா" என்றாள்.

"என்னடி போதும்? போதும்னு நான் சொன்னேனா?"

"இல்லம்மா, நிஜமாவே போதும்."

போதகரம்மா ஒரு பெருமூச்சு விட்டார். உனக்குத்தான் அந்தப் பெருமூச்சு தெரியுமே. என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துக்கொண்டுபோய், "லோசா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே. பாதிச் சாப்பாட்டுல கண்ண மூடி ஜெபம் பண்றது நம்ம சபை வழக்கம் இல்ல. பன்றிக்கறி அப்படியே கெடக்கு பார்த்தியா?" என்றார். நான் பார்த்தேன். கோழியும்தான் கிடந்தது, கிழங்கும்தான் கிடந்தது. ஆனால் பன்றிக்கறி கிடக்கிறது என்று ஒருவர் சொன்ன பிறகு கண்ணுக்கு வேறெதுவும் தெரிவதில்லை. பன்றி சாப்பிடாதவர்கள் யார்? சாலை முனையில் சனிக்கிழமை ஆராதனை நடத்தும் சபைக்காரர்கள். யானெத்தா சனிக்கிழமைதோறும் எங்கே போகிறாள்? நெட்பால் பயிற்சி என்று சொல்கிறாள். சொல்கிறாள்!

அவளையே கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் உஷாராகிவிடுவாள் அக்கா. நான் கல்லூரி படித்தவள். வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பார்த்தவள். சந்தேகப்படுவது என் சுபாவம் இல்லை, கவனிப்பதுதான். கவனித்தேன். வீட்டில் தினமும் பாதித் தட்டு, கை, கண், "போதும்மா". இடையில் வேறு மாதிரியும் யோசித்தேன், எவனாவது பையன் "குண்டு"ன்னு சொல்லியிருப்பானோ என்று. ஆனால் கண்ணாடி பக்கமே போகிறவள் இல்லை. நோயோ என்றால் முகம் தெளிவாக இருக்கிறது, முன்னே மாதிரி ஞாயிறு மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பதும் இல்லை. பிறகு மிஞ்சியது சபைதான்.

ஆகவே போன சனிக்கிழமை தவீத்தாவை அவள் பின்னால் அனுப்பினேன். "உங்க பொண்ணு எந்தக் கோவில் வாசல்ல நுழையறான்னு மட்டும் பார்த்துட்டு வாங்க, வேற ஒண்ணும் செய்யாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். இவர் அவள் பின்னால் போகாமல் நேரே போய் அந்தச் சபை வேலிக்கு வெளியே ஒரு வாழை மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். தவீத்தாவை மறைக்கிற வாழை மரம் இந்தத் தீவில் முளைத்திருக்கிறதா? ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் பார்த்துவிட்டு, "வாங்க, வந்து சாப்பிடுங்க!" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வழியில் நிற்பவனைச் சாப்பிடக் கூப்பிடாமல் இருக்க எந்தச் சபையும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் மறுக்க இவருடைய அம்மாவும் கற்றுக்கொடுக்கவில்லை. உட்கார்ந்தார். பூசணியும் பீன்ஸும் பிரமாதமாம். இன்னொரு தட்டு வாங்கினாராம். நன்றிக்கு ஒரு பாட்டும் பாடினாராம்! அந்த நேரம் பார்த்து நம் சபைப் பாடகர் குழு போன பஸ் அங்கே நின்றிருக்கிறது.

யானெத்தா? பள்ளி மைதானத்தில் பந்து போட்டுக்கொண்டிருந்தாளாம். திரும்பி வரும்போது அப்பாவை அந்த வாசலில் பார்த்து, "என்னப்பா, இங்க ஞானஸ்நானம் வாங்கப் போறீங்களா?"ன்னு கேட்டாளாம்.

திங்கட்கிழமை போதகர் எங்கள் வீட்டுக்கு வந்து தவீத்தாவின் தலையில் கை வைத்து வெகுநேரம் ஜெபித்தார். இவர் பாதியில் தூங்கிவிட்டார். மனந்திரும்புகிறவரின் பாரம் அது என்று கூட வந்திருந்த போதகரம்மா அழுதார்.

இப்படியாக அக்கா, சந்தேகத்தோடு அனுப்பியவள் நான், சந்தேகத்துக்கு ஆளானவர் என் புருஷன், சந்தேகம் தீராமல் பாதித் தட்டோடு எழுந்துகொண்டிருப்பவள் என் மகள். மைதானத்தில் இருந்தாள் என்பதால் மட்டும் ஒன்றும் நிரூபணம் ஆகிவிடாது. நெட்பால் குழுவிலேயே அந்தச் சபைப் பெண் ஒருத்தி இருக்கலாம். உன் வீட்டில், உன் கண் பார்வையில், உன் கைச் சமையலில் இருந்தால் பழையபடி ஆகிவிடுவாள். டிக்கெட் எடுத்துவிட்டுத் தெரியப்படுத்து.

உன் வாசலில் சமாதானமும் உன் அடுப்பில் நெருப்பும் குறையாதிருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை,
லோசா

பி.கு.: டிக்கெட் எடுக்காதே. கடிதத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யானெத்தா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "காலையில பன்றித் தொட்டியில என்னம்மா தேடினீங்க?"

"உன் கோழித்தொடைய."

"அப்பா தின்னுட்டாரு."

அதற்கு மேல் என்னால் சும்மா கவனித்துக்கொண்டிருக்க முடியவில்லை அக்கா. "எந்தச் சபைடி அது, சொல்லிடு" என்று கேட்டுவிட்டேன். துருவலெல்லாம் சிதறச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"சபையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. ஸ்கூல் நர்ஸ் சொன்னாங்க, பாதியில கரண்டிய வெச்சுட்டு வயித்தக் கேளுன்னு. இத்தன நாளும் எனக்குக் கேக்கத் தெரியல. நீங்கள்லாம் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாசனை பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். என் முறை வரும்போது கண்ணு மண்ணு தெரியாது. வலிக்கிற வரைக்கும் தள்ளுவேன். அப்புறம் பாயில கெடந்து அழுவேன், நீங்க எல்லார்கிட்டயும் நல்லாச் சாப்பிட்டான்னு சொல்லிக்கிட்டு இருப்பீங்க. குழந்தைகள் ஞாயிறுக்குத்தான் முதல்ல உக்காந்து, சூடா, மெதுவாச் சாப்பிட்டேன். கைய வெச்சேன். போதும்னு இருந்துச்சும்மா, நிஜமா! அவ்வளவு சந்தோஷமாக் கண்ணத் திறந்தேன். நீங்க முறைச்சுக்கிட்டு நின்னீங்க."

மீதித் தேங்காயை நான் வாங்கித் துருவினேன். இரவு சாப்பிடும்போது யாரும் பார்க்காத நேரத்தில் நானும் பாதியில் கரண்டியை வைத்து, கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு பதிலும் வரவில்லை. போதும் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. யாராவது தட்டை எடுக்கும்போதுதான் நான் இதுவரை நிறுத்தியிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு போதகர் வருகிறார், போதகரம்மா வருகிறார், குடும்பத் தலைவர் என்ற முறையில் தவீத்தாவின் அண்ணனும் வருகிறார். அன்றைக்கு யானெத்தாவை அவர்களோடு பாயில் முதல் பந்தியில் உட்கார வைக்கப்போகிறேன். ஈ விசிறிக்கொண்டு நிற்கப்போவது நான். தவீத்தாவுக்கு இது தெரியாது, யானெத்தாவுக்கும் தெரியாது.